வங்கி வேலையோடு லண்டன் பொருளியல் பட்டம்: வவுனியாவில் இருந்து வந்த ஒரு கேள்விக்கு

கேள்வி இதுதான். வவுனியாவில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் வேலை செய்யும் தங்கை, வயது 24. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, தமிழ் மொழி மூலம். இணைந்த கணிதம் படிக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளியல், நிதியியல் பி.எஸ்ஸி பட்டத்தைத் தொலைக்கல்வியில் செய்ய யோசிக்கிறார். மூன்று வருடத்தில் முடியுமா, கொழும்பு வகுப்புகளுக்குப் போகாமல் படிக்கலாமா, முடித்தால் அதற்குப் பெறுமதி இருக்குமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் சுருக்கமான பதில். முடியும், ஆனால் மூன்று வருடத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஐந்து வருடமாகத் திட்டமிடுங்கள். கொழும்பு வகுப்பு கட்டாயம் இல்லை. கணிதத்துக்கு மட்டும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் வவுனியாவிலேயே கிடைப்பார். பெறுமதி என்பது நீங்கள் அடுத்து எங்கே போகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நானும் இதே பட்டத்தை வேலையோடு படித்தவன்தான். இப்போது இதைப் படிக்கிறவர்களுக்குக் கணிதமும் நுண்பொருளியலும் (தனி மனிதரும் நிறுவனமும் எடுக்கும் முடிவுகளைப் பற்றிய பொருளியல்) சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே யாரெல்லாம் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்பதை ஓரளவு கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

இந்தப் பட்டம் நேற்று முளைத்த இணையப் படிப்பு இல்லை என்பதை வீட்டில் பெரியவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கும், அதற்காக ஒரு சின்னக் கதை. 1836இல் தொடங்கிய லண்டன் பல்கலைக்கழகம், எங்கே படித்தாலும் பரவாயில்லை, எங்கள் பரீட்சையில் சித்தியடைந்தால் பட்டம் தருவோம் என்று 1858இலேயே கதவைத் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இல்லை. அங்கே படித்தவர்கள் லண்டன் பரீட்சையைத்தான் எழுதினார்கள். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை அதுதான் நிலைமை. பழைய யாழ்ப்பாணத்து வீட்டு வாசல்களில் 'பி.ஏ. (லண்டன்)' என்று பெயர்ப்பலகை தொங்கியதற்குக் காரணம் இதுதான். அவர்களில் பெரும்பாலானோர் லண்டனைக் கண்ணால் கண்டதில்லை.

இன்றைய பட்டத்துக்கு வருவோம். பொருளியல், நிதியியல், முகாமைத்துவம், சமூக விஞ்ஞானம் சார்ந்த இந்தப் பட்டங்களுக்குப் பாடத்திட்டம் வகுப்பதும் வினாத்தாள் தயாரிப்பதும் எல்எஸ்இ எனப்படும் லண்டன் பொருளியல் கல்லூரி. இதில் ஒரு விசயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பட்டம் தருவது லண்டன் பல்கலைக்கழகம். நீங்கள் எல்எஸ்இ மாணவி ஆகமாட்டீர்கள், எல்எஸ்இ பட்டதாரியும் ஆகமாட்டீர்கள். சுயவிபரக் கோவையில் 'லண்டன் பல்கலைக்கழகம்' என்று எழுதி, கல்வி வழிகாட்டல் எல்எஸ்இ என்று கீழே ஒரு வரி போட்டால் அது உண்மை. தலைகீழாக எழுதிவிட்டு நேர்முகத் தேர்வில் முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ள பெருமையே போதும், கடன் வாங்கத் தேவையில்லை.

மொத்தம் 12 முழுப் பாடங்கள், 360 புள்ளிகள். ஒரு முழுப் பாடம் 30 புள்ளி. கணிதம், புள்ளிவிபரவியல் போன்றவை 15 புள்ளி கொண்ட அரைப் பாடங்களாக உடைந்து வரும். முதல் கட்டத்தில் பொருளியல் அறிமுகம், கணிதம், புள்ளிவிபரவியல், வங்கியியலும் நிதியியலும் பற்றிய அடிப்படை. அதற்கு மேலே நுண்பொருளியல், பேரினப் பொருளியல் (முழு நாட்டின் பொருளாதாரம் பற்றியது), எக்கொனொமெட்ரிக்ஸ் (தரவையும் புள்ளிவிபரவியலையும் வைத்துப் பொருளியலை அளப்பது), கம்பனி நிதி, முதலீடு என்று போகும். குறைந்தது மூன்று வருடம், கூடியது ஆறு வருடம்.

இந்த மூன்றையும் ஆறையும் வைத்து ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். பிரித்தானிய முறையில் ஒரு புள்ளிக்குப் பத்து மணிநேரப் படிப்பு என்பது பொதுவான அளவு. ஒரு முழுப் பாடத்துக்கு 300 மணிநேரம். வருடம் நான்கு பாடம் எடுத்தால் 1200 மணிநேரம். ஒக்டோபரில் படிக்கத் தொடங்கி மே மாதப் பரீட்சைவரை ஏறக்குறைய 30 கிழமை இருக்கிறது. கிழமைக்கு 40 மணிநேரம் வருகிறது. அது இன்னொரு முழுநேர வேலை! மூன்று வருடத் திட்டம் வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளைகளுக்குரியது. இரண்டு பாடம் எடுத்தால் கிழமைக்கு 20 மணிநேரம்: வேலை நாட்களில் இரவு இரண்டிரண்டு மணிநேரம், சனியும் ஞாயிறும் ஐந்தைந்து. கஷ்டம்தான், ஆனால் மனிதர்களால் முடியும்.

அப்படியானால் வருடத்துக்கு இரண்டு என்று ஆறு வருடம் எடுக்கலாமே என்று நினைப்பீர்கள். கணக்குச் சரி, இடைவெளிதான் இல்லை. ஒரு பாடம் தவறினால், கல்யாணம் வந்தால், இடமாற்றம் வந்தால், எல்லாம் ஆறாவது வருடத்தில் வந்து குவியும். அதனால் நான் சொல்வது 2, 2, 3, 3, 2. ஐந்து வருடத்தில் 12 பாடம் முடிகிறது, ஒரு வருடம் கையிருப்பில் இருக்கிறது. மூன்று எடுக்கிற வருடங்களில் நீங்கள் படிக்கப் பழகியிருப்பீர்கள். கடதாசிக் கணக்கில் வரும் 30 மணிநேரம் உங்களுக்குத் தேவைப்படாது.

முதல் வருடத்தில் எந்த இரண்டு என்பதில்தான் வங்கி ஆட்கள் சறுக்குவார்கள். 'வங்கியியல் எனக்குத் தெரிந்த பாடம்தானே, அதில் தொடங்குவோம்' என்று தோன்றும். வேண்டாம். அந்தப் பாடத்தில் காசோலை, கடன் விண்ணப்பம் பற்றிய கேள்விகள் வராது. வங்கி என்று ஒன்று ஏன் இருக்க வேண்டும், சேமிப்பவர் நேரே கடன் கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள். வைப்பாளர் எந்த நேரமும் காசைத் திருப்பிக் கேட்கலாம், கடன் வாங்கியவர் பத்து வருடத்தில்தான் தருவார், இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நிறுவனம் ஏன் ஒரு வதந்தியிலேயே விழக்கூடும் என்று கேட்பார்கள். 2022ஆம் ஆண்டுப் பொருளியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் டயமண்ட், டிப்விக் இருவரும் விளக்கியது இதைத்தான். கருமபீட அனுபவம் இங்கே உதாரணம் சொல்ல உதவும், விடை எழுத உதவாது. அந்தப் பாடம் இரண்டாம் வருடம் வரட்டும். முதல் வருடம் பொருளியல் அறிமுகமும் கணிதத்தின் இரண்டு அரைப் பாடங்களும். கணிதம் இல்லாமல் மேலே ஏறவே முடியாது. அதைத் தள்ளிப்போட்டவர்கள் மூன்றாம் வருடத்தில் நுண்பொருளியலையும் நுண்கணிதத்தையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டிவரும். இடையில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அனேகமாக அந்த இடத்தில்தான் போகிறார்கள்.

எவ்வளவு கணிதம் என்று பயந்துகொண்டிருப்பதைவிட ஒரு கேள்வியைப் பார்ப்பது நல்லது. இரண்டாம் கட்ட நுண்பொருளியலில் வரக்கூடிய வகையில் நானே அமைத்தது. ஒரு குடும்பத்திடம் 6000 ரூபாய் இருக்கிறது. அரிசி கிலோ 200, மீன் கிலோ 1000. அரிசியின் அளவையும் மீனின் அளவையும் பெருக்கி வருவதுதான் அவர்களுடைய பயன்பாட்டுச் சார்பு, அதாவது வாங்கியதில் கிடைக்கும் திருப்தியை அளக்கும் சூத்திரம். எவ்வளவு வாங்குவார்கள்? அரிசி விலை 250 ஆனால் என்ன ஆகும்? அந்த மாற்றத்தில் பிரதியீட்டு விளைவு (மீனோடு ஒப்பிட அரிசி விலை கூடியதால் குறைவது) எவ்வளவு, வருமான விளைவு (கையில் உள்ள காசின் வாங்கும் சக்தி இறங்கியதால் குறைவது) எவ்வளவு?

உயர்தரத்தில் இதற்குப் படம் கீறி, சமநோக்கு வளையி (ஒரே திருப்தி தரும் சேர்க்கைகளின் கோடு) இங்கே தொடும், விலை கூடினால் கேள்வி குறையும் என்று ஒரு பக்கம் எழுதலாம். இங்கே இலக்கம் கேட்பார்கள். லக்ராஞ் முறையில் (கையில் உள்ள காசு போன்ற ஒரு கட்டுப்பாட்டுக்குள் உச்ச அளவைக் காணும் கணித முறை) பகுதி வகையீடு செய்தால், இந்தச் சார்புக்குக் காசு இரண்டு பொருளுக்கும் சரிபாதியாகப் பிரிகிறது என்று வரும். 3000 ரூபாய்க்கு 15 கிலோ அரிசி, மற்ற 3000க்கு 3 கிலோ மீன். பயன்பாடு 45. விலை 250 ஆனதும் அதே 3000க்கு 12 கிலோ அரிசிதான், மீன் 3 கிலோவாகவே நிற்கிறது. ஆக அரிசி 3 கிலோ குறைந்துவிட்டது.

இனித்தான் விசயம். அந்தக் குடும்பத்தைப் பழைய 45 என்ற பயன்பாட்டிலேயே வைத்திருக்கப் போதுமான காசைக் கையில் கொடுத்திருந்தால் புது விலையில் எவ்வளவு அரிசி வாங்கியிருப்பார்கள்? புது விலையில் ஒரு கிலோ மீன் நாலு கிலோ அரிசிக்குச் சமம், அதனால் அரிசி மீனைப் போல நாலு மடங்கு இருக்கும். பெருக்கினால் 45 வர வேண்டும். மீன் ஏறக்குறைய 3.35, அரிசி 13.42. ஆகவே 15இல் இருந்து 13.42க்கு இறங்கிய 1.58 கிலோ பிரதியீட்டு விளைவு, 13.42இல் இருந்து 12க்கு இறங்கிய 1.42 கிலோ வருமான விளைவு.

வாசிக்கும்போது எல்லாம் விளங்கியதுபோல இருக்கும். இப்போது இந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் செய்து பாருங்கள். அந்த 45ஐ ஏன் பிடித்து வைத்திருக்கிறோம் என்ற இடத்தில் பேனை நின்றுவிடும். தொலைக்கல்வியில் படிக்கிறவருக்கு இருக்கும் பெரிய ஆபத்து இதுதான். கையேடு கையில் இருக்கிறது, விரிவுரைக் காணொளி இருக்கிறது, விடைகளும் இருக்கின்றன. இரவு பத்து மணிக்குக் களைப்போடு இருந்து பார்த்தால் தலை ஆடிக்கொண்டே இருக்கும், கை ஒன்றும் எழுதாது. மே மாதம் மண்டபத்தில் கை மட்டும்தான் வேலை செய்யும். நான் கண்டவரைக்கும் சித்தியடைந்தவர்கள் கூடுதலாக வாசித்தவர்கள் இல்லை. கொப்பி கொப்பியாகக் கணக்கு எழுதித் தள்ளியவர்கள். ஒரு அத்தியாயத்துக்கு வாசிப்பு ஒரு பங்கு என்றால் எழுத்து இரண்டு பங்காக இருக்கட்டும்.

பழைய வினாத்தாள்களோடு பரீட்சகர்களின் குறிப்புரையும் வெளியிடுகிறார்கள். எந்தக் கேள்வியில் மாணவர்கள் எங்கே கோட்டை விட்டார்கள், நல்ல விடையில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். நம்மவர்கள் வினாத்தாளைத் தேடித் தேடி இறக்குவார்கள், குறிப்புரையைத் திறந்தும் பார்க்க மாட்டார்கள். எனக்கென்றால் பாடக் கையேட்டைவிடப் பெறுமதியானது அதுதான்.

கணிதத்துக்கு ஆள் தேட வேண்டும் என்றேனே. கொழும்பில் இந்தப் பட்டத்துக்கென்றே வகுப்பு நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன, சில நன்றாகவே சொல்லிக்கொடுக்கின்றன. அங்கே தங்கிப் படிக்கும் செலவும் வேலையை விடுவதும் உங்களுக்குச் சரிவராது. முதல் கட்டக் கணிதத்தின் அடித்தளம் உயர்தர இணைந்த கணிதத்தின் வகையீடு, தொகையீடு அத்தியாயங்கள்தான். ஆகவே உங்கள் ஊரில் இணைந்த கணிதம் எடுக்கும் ரியூசன் மாஸ்டரிடம் போய், 'சேர், எனக்கு வகையீடும் தொகையீடும் மட்டும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிநேரம்' என்று கேளுங்கள். அல்லது 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. அங்கே கணிதம் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இது கைச்செலவுக்கு உதவும். பகுதி வகையீடும் லக்ராஞ்சும் உயர்தரத்தில் இல்லை, ஆனால் சாதாரண வகையீடு பிடிபட்டவருக்கு அது இரண்டு கிழமை வேலை. 24 வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வாங்கில் இருக்க வெட்கமாக இருந்தால் தனியாகக் கேளுங்கள்.

புள்ளிவிபரவியலும் எக்கொனொமெட்ரிக்ஸும் இன்னொரு தொடர்கதை. முதலாவதை ஒழுங்காகப் படித்தால் இரண்டாவது வரும். முதலாவதைப் பாடமாக்கிச் சித்தியடைந்தவர்களுக்கு இரண்டாவது ஒருபோதும் வராது. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

தமிழ் மொழி மூலம் படித்தது தடையா என்று கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். பரீட்சை ஆங்கிலத்தில்தான், சேர்வதற்கும் ஆங்கிலத் தகைமை காட்ட வேண்டும். கணக்குப் பாடங்களில் மொழி பெரிய சுமையாக இருக்காது. விளக்கம் எழுதும் கேள்விகளில் ஐந்து ஐந்து சொல்லில் சின்னச் சின்ன வசனம் எழுதினால் போதும். அலங்கார ஆங்கிலத்துக்குப் புள்ளி இல்லை, காரணம் காட்டுவதற்குத்தான் புள்ளி.

பேரினப் பொருளியலில் மட்டும் உங்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. லண்டனில் இருந்து படிக்கும் பிள்ளை புத்தகத்தில் மட்டும் பார்ப்பதை நீங்கள் 2022இல் இங்கேயே அனுபவித்துவிட்டீர்கள். அந்த வருடம் மார்ச்சில் நாணயமாற்று வீதத்தைத் தளர்த்தினார்கள். 200 சுற்றளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 வரை போனது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம்.

அதை வைத்து ஒரு கேள்வி. 2022 செப்டெம்பரில் மத்திய வங்கியின் துணைநில் கடன் வசதி வீதம், அதாவது வணிக வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி, 15.5. மெய் வட்டி, அதாவது விலையேற்றத்தை நீக்கிப் பார்க்கும் வட்டி, எவ்வளவு? 15.5இல் இருந்து 69.8ஐக் கழித்து, மறை 54 என்று எழுதுவார்கள். கழிக்கும் முறை சின்ன வீதங்களுக்கு மட்டும் பொருந்தும் தோராயம். சரியாகச் செய்தால் 1.155ஐ 1.698ஆல் வகுக்க வேண்டும், 0.68 வரும், அதாவது மறை 32 வீதம். 54க்கும் 32க்கும் இடையில் எவ்வளவு தூரம் பாருங்கள். அதோடு முடியவில்லை. 69.8 என்பது கடந்துபோன 12 மாதத்தின் பணவீக்கம். செப்டெம்பரில் ஒரு வருடத்துக்குக் கடன் வாங்குகிறவருக்கு வரப்போகிற 12 மாதம்தான் கணக்கு. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதமாக இறங்கியிருந்தது. அதே 15.5ஐ 1.013ஆல் வகுத்துப் பார்த்தால் மெய் வட்டி நேர் 14 வீதம்! மறை 32 என்று நினைத்து ஆனந்தமாகக் கடன் எடுத்தவருக்கு நேர் 14 வந்து விழுந்தது. எதிர்பார்க்கும் பணவீக்கம் என்று புத்தகத்தில் அடிக்கடி வருவது எதற்காக என்று இப்போது விளங்கும்.

அந்த நாட்களில் திறைசேரி உண்டியல் (அரசாங்கம் எடுக்கும் குறுங்காலக் கடன்) வட்டி 30 வீதத்தைத் தொட்டபோது நிலையான வைப்புப் போட வந்தவர்களை நீங்கள் கருமபீடத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு வருடத்துக்குப் போடவா, மூன்று மாதத்துக்குப் போட்டு இன்னும் கூடுமா என்று பார்க்கவா என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியைப் படமும் இலக்கமும் வைத்து விடையாக எழுதத் தெரிந்தால், அந்தப் பாடத்தில் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

அதே 2022 கட்டண விசயத்திலும் பாடம். கட்டணம் பவுணில். விண்ணப்பத்துக்கு ஒன்று (இது திரும்பி வராது), பதிவுக்கு ஒன்று, பிறகு எடுக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று. பரீட்சை நிலையத்துக்கான கட்டணம் இதற்கு வெளியே. பதிவு செய்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள், பரீட்சைக்குத் தனியே பெயர் கொடுக்க வேண்டும். வருடம் முழுக்கப் படித்துவிட்டு இந்தத் திகதியைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. 2022இல் நடுவழியில் நின்ற பிள்ளைகளுக்கு ரூபாயில் பார்த்தால் கட்டணம் ஒன்றரை மடங்குக்கு மேல் போனது. அவர்கள் செய்த தவறு என்று ஒன்றுமில்லை. வருமானம் ரூபாயில், செலவு பவுணில், அவ்வளவுதான். உங்களுக்கும் அதே நிலைமைதான் இருக்கப்போகிறது. அதனால் அடுத்த வருடக் கட்டணத்துக்கான காசு, அன்றைய விலையைவிட கால்வாசி கூடுதலாகக் கையில் இருந்தால் மட்டும் அந்த வருடம் மூன்று பாடம் எடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு. வடக்கில் பாதி வீடுகளுக்கு லண்டனில் ஒரு மாமாவோ சித்தியோ இருக்கிறார்கள். அவர்கள் அங்கிருந்து நேரே கட்டிவிட, நீங்கள் இங்கே அவர்களுடைய அம்மாவின் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பல வீடுகளில் நடக்கிறது. கூச்சப்படாமல் கேட்கலாம்.

லீவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிரதான பரீட்சை மே, ஜூன் மாதங்களில். அதற்குச் சற்று முன்னால் சித்திரைப் புதுவருடம். புதுவருடத்துக்கு முந்திய இரண்டு கிழமை வங்கியில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. படிப்பு உச்சத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் வேலையும் உச்சத்தில் இருக்கும். ஆகவே பங்குனி மாத முடிவுக்குள் பாடத்திட்டம் முழுவதையும் ஒரு தடவை முடித்துவிட வேண்டும், சித்திரையில் புதிதாக ஒன்றும் படிக்கக்கூடாது, வருடாந்த லீவு முழுவதையும் மே மாதத்துக்கு வைத்திருக்க வேண்டும். முகாமையாளரிடம் ஜனவரியிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால், கிளையில் ஆள் இல்லை என்ற ஒரே பதில்தான் வரும்.

சரி, பெறுமதி. இப்போது இருக்கும் வங்கியிலேயே பதவி உயர்வு மட்டும்தான் நோக்கம் என்றால் இந்தப் பட்டம் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின் பரீட்சைகள் அதற்கு மலிவான, குறுகிய வழி. பட்டம்தான் வேண்டும், எந்தப் பாடமானாலும் சரி என்றால் 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் அரச பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பட்டங்களும் ரூபாய்க் கட்டணத்தில் இருக்கின்றன. அவற்றைக் குறைவாக நினைக்காதீர்கள்.

லண்டன் பட்டம் உண்மையாக உதவுவது வேறு இடங்களில். கடன் இடர் ஆய்வு, முதலீட்டு ஆய்வு, தரவுப் பகுப்பாய்வு போன்ற வேலைகளுக்குக் கிளையில் இருந்து தலைமை அலுவலகத்துக்கு மாற நினைப்பவருக்கு இதில் உள்ள கணிதமும் எக்கொனொமெட்ரிக்ஸும் நேரே பயன்படும். வெளிநாட்டில் முதுமாணி செய்ய நினைப்பவருக்கும் அப்படித்தான், ஆனால் அங்கே பட்டத்தின் பெயரைவிட வகுப்புச் சித்தியைப் பார்ப்பார்கள். 70க்கு மேல் முதல் வகுப்பு, 60க்கு மேல் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. நல்ல முதுமாணிப் படிப்புகள் இந்த இரண்டையும்தான் கேட்கும். மூன்று வருடத்தில் ஓடி முடித்த மூன்றாம் வகுப்பைவிட ஐந்து வருடத்தில் வந்த மேற்பிரிவு எங்கேயும் விலை போகும். நான் ஐந்து வருடம் என்று அடம்பிடிப்பதற்கு முக்கியமான காரணம் இதுவே.

இந்தியாவில் மேலே படிக்கும் எண்ணம் இருந்தால் கவனம். வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தன்மை வழங்க அங்குள்ள யூஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் கொண்டுவந்த விதிகள் நேரடி வகுப்பில் படித்ததையே கேட்கின்றன. தொலைக்கல்விக்கு அங்கே கதவு சாத்தியிருக்கிறது. சென்னையில் எம்.ஏ. என்பது உங்கள் கணக்கில் இருந்தால் வேறு பட்டம் பாருங்கள்.

சிமா (முகாமைத்துவக் கணக்காளர் பரீட்சை) போன்ற தொழில்சார் பரீட்சைகள் ஏதாவது ஏற்கனவே முடித்திருந்தால் விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்புங்கள். சில பாடங்களுக்கு விலக்களிப்புக் கிடைக்கலாம். கிடைத்தாலும் கணிதத்துக்கு விலக்கு எடுக்காதீர்கள்.

பதிவு செப்டெம்பரில் முடிகிறது. அதற்கு முன் காசு செலவில்லாத ஒரு வேலை செய்யுங்கள். முதல் கட்டக் கணிதத்தின் பழைய வினாத்தாள் ஒன்றை இறக்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்று அதில் ஒரு கேள்விகூட விளங்காது, பரவாயில்லை. ரியூசன் மாஸ்டரிடம் மூன்று மாதம் போங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கைத்தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அதே தாளை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். பாதிக் கேள்விகளுக்கு வழி தெரிந்தால் அந்தச் செப்டெம்பரிலேயே பதியுங்கள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு வருடம் மாஸ்டரிடம் போங்கள்; அதற்குப் பவுணில் காசு கட்டத் தேவையில்லை.